பிள்ளை பெற்றவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கைக்குழந்தையையோ நடைபழகும் குழந்தையையோ பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள வீட்டுப் பணியாளர் ஒருவரை அமர்த்தும் நகரக் குடும்பங்களில், வேலை கேட்டு வருகிறவரிடம் ஊர், சம்பளம், வந்துபோகும் நேரம் ஆகியவற்றை விசாரித்த பிறகு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பதும், "இரண்டு" என்று வரும் விடையையே அவருடைய தகுதிச் சான்றாக ஏற்றுக்கொள்வதும் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பரவலான வழக்கமாக இருக்கின்றன. துணி துவைக்கும் இயந்திரத்தை எப்படி இயக்குவது, எந்தப் பாத்திரத்தை எந்த நாரால் தேய்ப்பது என்பவற்றை அவருக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுக்கும் அதே குடும்பம், எட்டு மாதக் குழந்தையை அவர் கையில் கொடுக்கும்போது மட்டும் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. "பிள்ளை பெற்று வளர்த்தவருக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தர வேண்டுமா?" என்ற கேள்வி, விடை வேண்டாத கேள்வியாக அங்கே நிற்கிறது. இந்தக் கேள்விக்கு விடை உண்டு; ஆம், சொல்லித்தர வேண்டும் என்பதே அந்த விடை. சொல்லித்தர வேண்டியதில்லை என்னும் நம்பிக்கை குழந்தையை ஆபத்தில் வைக்கிறது; அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு தீங்காக, பணியாளரின் உழைப்பை உழைப்பென்றே எண்ணாமல் போகச் செய்கிறது.

இந்த நம்பிக்கைக்குள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. குழந்தை வளர்ப்பு பெண்ணின் இயல்பிலேயே அமைந்தது என்பது ஒன்று. ஏற்கெனவே வளர்த்த அனுபவம் போதுமானது என்பது மற்றொன்று. முதற்கூற்றைத் தமிழர் மரபே மறுக்கிறது என்பதை இந்த நம்பிக்கையைச் சொல்லித் திரிகிறவர்கள் கவனிப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச்செல்லும் வழக்கம், ஓய்வுக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஏற்பட்டது என்பது உண்மையே. ஆயினும் அது ஒரு பயிற்சிக்காலமாகவும் விளங்கியது. கழுத்து நிற்காத குழந்தையை எப்படித் தூக்குவது, கால்களை நீட்டி உட்கார்ந்து அவற்றின்மேல் கிடத்தி எப்படிக் குளிப்பாட்டுவது, தூளியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை வயிற்றுவலிக்கு என்பனவற்றை எல்லாம் தாயும் பாட்டியும் ஊர் மருத்துவச்சியும் அருகிலிருந்து செய்து காட்ட, புதிதாகத் தாயானவள் பார்த்தும் தவறியும் திருத்தப்பட்டும் கற்றுக்கொண்டாள். பால் சுரப்பது உடலின் செயல். குழந்தையைச் சரியாக மார்பில் பிடிக்கவைப்பதுகூடப் பல தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தே வருகிறது. பெண்ணுக்கு இவை பிறவியிலேயே தெரிந்தவை என்று முன்னோர் கருதியிருந்தால், மாதக்கணக்கில் அவளுக்குப் பக்கத்தில் ஆள் வைத்திருக்கத் தேவையே இருந்திராது.

இரண்டாம் கூற்றாகிய அனுபவம் என்பது இன்னும் நுட்பமாக ஆராயப்பட வேண்டியது, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவருக்குக் குழந்தையைப் பதறாமல் தூக்கத் தெரியும், அழுகையைக் கண்டு அஞ்சாத நிதானம் இருக்கும், பசியையும் தூக்கத்தையும் முகத்திலேயே படிக்கும் பழக்கம் இருக்கும். முதல் குழந்தையைப் பெற்ற படித்த தாய்க்கு இல்லாத சொத்துகள் இவை. ஆனால் அனுபவம் எதைக் கற்பிக்கும், எதைக் கற்பிக்காது என்பதற்கு எல்லை உண்டு. அடிக்கடி நிகழ்வதை அனுபவம் கற்பிக்கிறது. அரிதாக நிகழ்ந்து உயிரைப் பறிப்பதை அது கற்பிப்பதில்லை. குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்காவில் பல தலைமுறைத் தாய்மாரும் செவிலியரும் மருத்துவர்கள் பலரும்கூடக் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைப்பதையே நல்லதென்று நம்பினர். அப்படிப் படுத்த குழந்தைகள் நன்றாகத் தூங்கியதையும் அவர்கள் கண்ணால் கண்டனர். வெளிப்படையான காரணம் எதுவுமின்றித் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் நிகழ்வைத் திடீர்ச் சிசு மரணம் என்பர். அதற்கும் குப்புறப் படுக்கைக்கும் தொடர்பு இருப்பது பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே தெரியவந்தது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1994இல் மல்லாக்கப் படுக்கவைப்பதற்கான நாடு தழுவிய பரப்புரை தொடங்கியது. அதன் பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு நேரும் ஆபத்தை இரண்டு பிள்ளை வளர்த்தவரும் அறிய இயலாது, பத்துப் பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டியும் அறிய இயலாது. இது அறிவுக்குறை அன்று. ஒருவருடைய கண்பார்வைக்குள் அடங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அவ்வளவே.

"அந்தக் காலத்தில் பிள்ளைகள் வளரவில்லையா?" என்ற வாதத்துக்கும் இதுவே மறுமொழி. வளர்ந்த பிள்ளைகள்தான் பின்னாளில் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். வளராமல் போனவர்கள் கேட்பதில்லை. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020இல் அந்த எண் நாட்டளவில் 28 ஆகவும் தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்திருந்தது. தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, தூய குடிநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் எனப் பல காரணங்கள் சேர்ந்த மாற்றம் அது. அவற்றில் எதுவும் இயல்பூக்கத்தால் வந்ததன்று, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இன்னொருவருக்குக் கற்பித்ததால் வீடுகளுக்குள் வந்தது.

பணியாளர் தம் தாயிடமும் மாமியாரிடமும் கற்றுவந்த பழைய அறிவிலும் போற்றத்தக்கதும் விலக்கத்தக்கதும் கலந்தே இருக்கின்றன. இதமான எண்ணெய்த் தேய்ப்பு, தாலாட்டு, மடியில் வைத்துப் பேசிக்கொண்டே ஊட்டுவது ஆகியவற்றை எந்தக் குழந்தை மருத்துவரும் குறைசொல்ல மாட்டார். பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பதும், ஆறு மாதத்துக்கு முன்பே தண்ணீர் புகட்டுவதும், ஓராண்டு நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதும், குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் முதிராத குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கக்கூடும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் மருந்துகளுக்கு எளிதில் அடங்காத ஒருவகை நிமோனியா ஏற்படும். இவற்றைச் செய்ய வேண்டாம் என்று கட்டளையிடுவதால் மட்டும் பயனில்லை. தம் பிள்ளைகளுக்குச் செய்ததை ஒருவர் தவறென்று ஏற்க வேண்டுமானால், அதற்கான காரணத்தை அவருடைய அறிவை மதித்து விளக்கும் பொறுமை வேண்டும். பல வீடுகளில் அந்த வீட்டுப் பாட்டியே மூக்கில் எண்ணெய் விடச் சொல்கிறவராகவும், மகளோ மருமகளோ வேண்டாமென்பவராகவும் இருக்க, இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் நிற்கும் பணியாளர் யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் சொல்வதைச் செய்து ஒப்பேற்றுகிறார். அவருக்குக் கற்பிப்பதற்கு முன் குடும்பம் தனக்குள் ஒருமுடிவுக்கு வந்தாக வேண்டும்.

இனி, பழைய அனுபவம் முற்றிலும் எட்டாத பகுதி ஒன்று உண்டு. பணியாளர் தம் பிள்ளைகளை வளர்த்த வீடும், இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடும் ஒன்றல்ல. பொத்தான் வடிவப் பேட்டரி என்னும் சிறுவட்டு மின்கலம் பொம்மையிலும் ரிமோட்டிலும் எடை பார்க்கும் கருவியிலும் இருக்கிறது. அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்பதால், "தானாக வெளியே வந்துவிடும், வாழைப்பழம் கொடுக்கலாம்" என்று காசு விழுங்கிய குழந்தைக்குச் சொல்லும் பழைய ஆறுதல் இங்கே உயிருக்கு ஆபத்தாகும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மருந்தும் அப்படிப்பட்டது. சொட்டு மருந்தாக வருவதில் ஒரு மில்லிலிட்டருக்குப் பொதுவாக 100 மில்லிகிராமும், சிரப்பாக வருவதில் ஐந்து மில்லிலிட்டருக்கு 120 அல்லது 125 மில்லிகிராமும் இருக்கும். அதாவது சொட்டு மருந்து ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவுடையது. "காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி கொடுங்கள்" என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொல்லும் தாய் எந்தப் புட்டியை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதும், அலமாரியில் பணியாளர் கையில் அகப்பட்டது எது என்பதும் வேறுபட்டால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பால்பொடியில் எத்தனை கரண்டிக்கு எவ்வளவு நீர் என்பதும், பொடி கூடுதல் நாள் வர வேண்டும் என்பதற்காக நீரைக் கூட்டிக் கலக்குவது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம் என்பதும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

குளியலறை வாளி தனியாகப் பேசப்பட வேண்டியது. தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து நிரப்பி வைக்கும் பழக்கம் உள்ள ஊர்களில் நிறைந்த வாளி இல்லாத குளியலறை அரிது. ஒரு வயதுக் குழந்தைக்கு உடலின் பிற பகுதிகளை நோக்கத் தலை கனமானது. வாளியைப் பிடித்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புறக் கவிழ்ந்தால், தன்னை வெளியே தூக்கிக்கொள்ளும் வலிமை அதற்கு இல்லை. சில அங்குல நீரே போதுமானது, சில நிமிடங்களே போதுமானவை, அலறல் எதுவும் கேட்பதில்லை. பணியாளர் அப்போது எங்கே இருப்பார் என்பதே கேள்வி. பெரும்பாலும் சமையலறையிலோ மாடியில் துணி உலர்த்திக்கொண்டோ இருப்பார், ஏனெனில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவருக்கே பாத்திரமும் துணியும் தரை துடைப்பதும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. "குழந்தை தூங்கும்போது சும்மாதானே இருக்கிறார்" என்ற கணக்கில் தொடங்கும் கூடுதல் வேலை, குழந்தை விழித்திருக்கும் நேரத்துக்குள்ளும் மெல்ல நுழைந்துவிடுகிறது. மாலையில் வீடு திரும்பும் குடும்பத்தார் கண்ணுக்குக் கழுவாத பாத்திரம் தெரியும், குழந்தையோடு அவர் தரையில் உட்கார்ந்து விளையாடிய இரண்டு மணி நேரம் தெரியாது. எதற்குத் திட்டு விழுகிறதோ அதையே மனிதர் முதலில் செய்து முடிப்பார். ஆகவே குழந்தை விழித்திருக்கும்போது வேறு எந்த வேலையும் வேண்டாம், பாத்திரம் அப்படியே கிடக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லி, சொன்னபடி அதைப் பொறுத்துக்கொள்வதும் அவரை ஆயத்தப்படுத்துவதன் ஒரு பகுதியே ஆகும்.

தம் பிள்ளையை வளர்ப்பதற்கும் பிறர் பிள்ளையைக் கூலிக்குப் பார்த்துக்கொள்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடுகளில் மிக ஆழமானதும் மிகக் குறைவாக நினைக்கப்படுவதும் அச்சம். தன் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால் தாய் கத்துவாள், அக்கம்பக்கத்தாரை அழைப்பாள், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுவாள். அவளை யாரும் வேலையை விட்டு நீக்கப்போவதில்லை. பணியாளர் கையில் இருக்கும்போது அதே குழந்தை விழுந்தால், முதலில் அவர் மனத்தில் எழுவது குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதோடு சேர்ந்து, இனித் தமக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும்தான். அழுகை அடங்கிவிட்டால், தலையில் வீக்கம் தெரியாவிட்டால், சொல்லாமல் விட்டுவிடும் தூண்டுதல் எழுவது இயற்கை. தலையில் அடிபட்ட குழந்தை முதலில் நன்றாக இருப்பதுபோல் தோன்றிச் சில மணி நேரம் கழித்து வாந்தி எடுப்பதும், வழக்கத்துக்கு மாறாக உறங்கி எழுப்பமுடியாமல் போவதும் உண்டு. விழுந்தது எப்போது, எவ்வளவு உயரத்திலிருந்து என்பதை அறியாத தாய் அந்த உறக்கத்தைக் களைப்பென்று எண்ணிவிடுவாள். இந்த மௌனத்தை உண்டாக்குவது பணியாளரின் கெட்ட மனம் அன்று, குடும்பத்தார் அதுவரை சிறு தவறுகளுக்குக் காட்டிய முகம்தான். தட்டு உடைந்ததற்குச் சம்பளத்தில் பிடித்த வீட்டில், குழந்தை விழுந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே அவருக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் முதலுதவி அன்று. எது நடந்தாலும் உடனே சொல்லலாம், சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதியே முதற்பாடம். அந்த உறுதி, முதல் சிறு விபத்தின்போது குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் மெய்யாகும்.

வீட்டுக்குள் பொருத்தப்படும் கண்காணிப்புக் கேமரா இந்த உறுதிக்கு நேர் எதிரானது. பயிற்சிக்குச் செலவிட நேரமில்லை என்று சொல்லும் குடும்பங்கள் நான்கு அறைகளில் கேமரா வைப்பதற்கு நேரமும் பணமும் ஒதுக்குகின்றன. குழந்தை மீது கொடுமை நிகழ்ந்ததைக் கேமராக்கள் வெளிப்படுத்திய சந்தர்ப்பங்கள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அச்சத்தால் அவற்றை வைக்கும் பெற்றோரைப் பழிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் நிலக்கடலைப் பருப்பு தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறும் குழந்தையைக் கேமரா காப்பாற்றாது. ஓராண்டுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டி, அடைப்பு நீங்காவிட்டால் மல்லாக்கத் திருப்பி மார்பெலும்பின் மேல் ஐந்து முறை அழுத்த வேண்டும் என்பதும், கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது என்பதும் அந்த நிமிடத்தில் அங்கே நிற்கும் கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடக்கூடிய செயல் இது. மின்தூக்கியின் அவசர அழைப்புக்குக்கூட ஒத்திகை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், தங்கள் வளாகத்தில் குழந்தை பார்க்கும் பெண்களைக் கூட்டி ஒரு மருத்துவரைக் கொண்டு இதைக் கற்பிக்க முன்வரலாம்.

குழந்தையின் உயிரைக் காப்பதோடு வளர்ப்பு முடிவதில்லை. பூச்சாண்டி வருகிறான் என்று அச்சுறுத்தி ஊட்டுவதும், கைப்பேசியைக் கண்முன் நிறுத்தி வாய் திறந்த நேரத்தில் சோற்றைத் திணிப்பதும் பணியாளர் கண்டுபிடித்த முறைகள் அல்ல. தாய்மாரும் பாட்டிமாரும் அவற்றையே செய்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரைநேரத்தைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்கிறது. திரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்புவது பேச்சு. குழந்தை ஓர் ஒலி எழுப்ப, வளர்ந்தவர் அதற்கு மறுமொழி தர, குழந்தை மீண்டும் ஒலி எழுப்புவதாகிய இந்த மாறிமாறிப் பேசுதலே மொழியும் அறிவும் ஊன்றும் நிலம். இங்கே படித்த குடும்பங்கள் சில செய்யும் கொடுமை ஒன்றைக் கண்டிக்காமல் விடலாகாது. குழந்தைக்கு ஆங்கிலம் மட்டுமே காதில் விழ வேண்டும் என்று கருதி, ஆங்கிலம் அறியாத பணியாளரிடம் குழந்தையோடு அதிகம் பேச வேண்டாம் என்று சொல்லிவைப்பதே அது. பத்து மணி நேரம் ஊமையான ஒருவரோடு குழந்தையை விட்டுவிட்டு, அதன் பேச்சு தாமதப்படுவதற்கு வேறு காரணம் தேடுவது எவ்வகை அறிவு? அவருடைய வட்டாரத் தமிழும் அவருடைய கதையும் பாட்டும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய செல்வம். தடையில்லாமல் பேசுங்கள் என்று சொல்வதற்குப் பயிற்சிச் செலவு எதுவும் இல்லை.

குழந்தையை உற்றுநோக்குவது கற்றுத்தரக்கூடிய திறன் என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே வரலாறு உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப்போரினால் நாடு திரும்ப இயலாமல், இடையில் கொடைக்கானலிலும் தங்கி, கைக்குழந்தைப் பருவம் தொட்டுக் குழந்தைகளைக் கவனித்தார். சூழலிலிருந்து எல்லாவற்றையும் முயற்சியின்றி உள்வாங்கிக்கொள்ளும் மனம் முதல் ஆண்டுகளில் செயல்படுகிறது என்ற அவருடைய கருத்து முதிர்ந்தது அந்த இந்திய ஆண்டுகளில்தான், அதை விளக்கும் நூல் 1949இல் வெளியானதும் அடையாற்றிலிருந்துதான். அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளிகளுக்கு மூன்று வயதில் பெருந்தொகை கட்டிச் சேர்க்கும் பெற்றோர், அந்த மூன்று வயதுவரை குழந்தை யாரிடமிருந்து உள்வாங்கியது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பாசத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். குழந்தை தன்னைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவரிடம் கொள்ளும் ஆழ்ந்த ஒட்டுதலையும், அவர் அருகில் இருக்கும்போது அது பெறும் பாதுகாப்புணர்வையும் உளவியலார் பற்றுப்பிணைப்பு என்று குறிப்பர். இக்கோட்பாட்டை வகுத்த பிரித்தானிய உளமருத்துவர் ஜான் பௌல்பி, உயர்குடி வழக்கப்படி செவிலித்தாயிடம் வளர்ந்தவர்; தம்மிடம் மிகுந்த அன்பு காட்டிய மின்னி என்ற அந்தப் பெண், தமக்கு நான்கு வயது ஆகும் காலத்தில் வேலையை விட்டுச் சென்றதைத் தாயை இழப்பதற்கு ஒப்பான இழப்பாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஐம்பது ரூபாய்க் கணக்கில் பிணக்கு வந்து ஒரே நாளில் ஆளை மாற்றும் வீடுகளும், குழந்தை "அவளிடம் ஒட்டிக்கொள்கிறது" என்று பொறாமைப்பட்டு ஆளை மாற்றும் வீடுகளும் குழந்தைக்குச் செய்வது என்ன என்பதை இதிலிருந்து அறியலாம். புதியவர் வரும்போது பழையவர் சில நாள் உடனிருந்து குழந்தையைக் கைமாற்றித் தருவதும், வருகிறவரை ஆயத்தப்படுத்துவதில் அடங்கும்.

இத்தனை தெளிவான தேவை இருந்தும் நம்பிக்கை ஏன் அசையாமல் நிற்கிறது என்று கேட்டால், அது மலிவானது என்பதே உண்மையான விடை. ஒரு வேலையைத் திறன் என்று ஒப்புக்கொண்டால் அதற்கு விலை தர வேண்டும். இயல்பு என்று சொல்லிவிட்டால் தர வேண்டியதில்லை. ஓட்டுநருக்கு உரிமம் கேட்கிறோம், அவருக்குத் தரும் சம்பளத்தை நியாயமென்கிறோம். குழந்தையைப் பார்க்கிறவரிடம் தாய்மையைக் கேட்டு, தாய்மைக்கு விலை ஏது என்று கையை விரிக்கிறோம். இங்கிலாந்தில் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் எமிலி வார்ட் என்னும் கல்வியாளர். வீட்டு வேலைக்கு வந்த பெண்களையே குழந்தைகளைக் கவனிக்கவும் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், மழலையர் கல்வியின் முன்னோடியான பிரோபெலின் கொள்கைகளைத் தழுவி 1892இல் நார்லாந்து பயிற்சி நிலையத்தை அவர் தொடங்கினார். அங்கே பயின்று வந்தவர்கள் வேலைக்காரிகளாக நடத்தப்பட மறுத்தனர், கூடுதல் ஊதியம் பெற்றனர். அந்நிறுவனம் இன்றும் பாத் நகரில் இயங்குகிறது. அது செல்வர் வீடுகளுக்கான பயிற்சியாகவே தங்கிவிட்டது என்ற குறை உண்மையானது. தமிழகப் பெண்கள் பலரும் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில், முதன்முறையாக வரும் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் ஒருநாள் அறிமுகப் பயிற்சி பெறுவது 2012 முதல் கட்டாயமாக இருக்கிறது. முதன்முறையாகப் பணியாளரை அமர்த்தும் முதலாளியும் ஓர் அறிமுக வகுப்பை முடித்தாக வேண்டும். ஒருநாள் போதாது, ஆனாலும் கற்க வேண்டியவர் இரு தரப்பிலும் இருக்கிறார் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட வகையில் அது முன்மாதிரி.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்குக் கண்ணியமான வேலை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு அரசு பயிற்சி தருகிறது. அதே வயதுக் குழந்தையைத் தனிவீட்டில் பார்க்கும் பெண்ணுக்கு அப்படிப்பட்ட பயிற்சி கிடைப்பது அரிது. இயல்பென்னும் நம்பிக்கையின் மிகக் கொடிய வடிவம், பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் "குழந்தையோடு விளையாட" என்று ஊரிலிருந்து அழைத்துவருவது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலையில் அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பெண்ணாய்ப் பிறந்ததே தகுதி என்றால் அந்தச் சிறுமிக்கும் தகுதி இருப்பதாக ஆகிவிடும் என்பதை இந்த நம்பிக்கையை ஆதரிக்கிறவர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆயத்தப்படுத்துவது என்பது பெரிய ஏற்பாடு எதையும் கோருவதில்லை, நேரத்தைக் கோருகிறது. தாய் செய்யப் பணியாளர் பார்ப்பது, பிறகு பணியாளர் செய்யத் தாய் பார்ப்பது, அதன்பின் தாய் ஒரு மணி நேரம் வெளியே சென்று திரும்புவது, அரை நாள் சென்று திரும்புவது எனப் படிப்படியாக மாறுவதே தலைப்பிரசவத் தாய்வீட்டின் முறை. குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்லும்போது பணியாளரும் உடன்வந்து கேள்வி கேட்கலாம். மருந்தளவையும் 108 என்ற அவசர ஊர்தி எண்ணையும் அருகிலிருக்கும் மருத்துவமனையின் பெயரையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டலாம். படிக்க இயலாதவருக்குப் புட்டியில் வண்ணக்கோடு இட்டும் கைப்பேசியில் குரல் பதிவு செய்தும் தரலாம். இந்தப் பயிற்சி நாட்களுக்கும் முழுச் சம்பளம் உண்டு, அவர் கற்றுக்கொண்டதற்கு ஏற்ப அது உயரவும் வேண்டும். மகப்பேற்றுப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டதிலிருந்து, அமைப்புசார்ந்த வேலையில் உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு கிடைத்துவருகிறது. விடுப்பு முடியும் நாளன்று காலையில் பணியாளரை வரச்சொல்லிக் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுவது இன்றைய வழக்கம். அந்த 26 வாரங்களில் கடைசி நான்கு வாரங்களையாவது இருவரும் சேர்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காலமாக, விடுப்புத் தொடங்கும்போதே ஒவ்வொரு குடும்பமும் ஒதுக்கி வைக்க வேண்டும்.